வெள்ளித்திரையும் வரலாற்று வகுப்பும்

வரலாறு கற்பிக்கும் ஆசான்மார் இருவர். ஒருவர் பள்ளியில் இருக்கிறார். மற்றவர் திரைக்கொட்டகையில் இருக்கிறார். முன்னவர் ஓராண்டு முழுதும் ஓதியும் மனத்தில் ஏறாதது, பின்னவர் மூன்று மணி நேரம் காட்டியதும் கல்லின்மேல் எழுத்தாய்ப் பதிந்துவிடுகிறது. இவ்விருவரையும் ஒரே வகுப்பறையில் அமர்த்த இயலுமா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெண்ணம் நம் இல்லத்தில்தான் எழுந்தது. விடுதலை வீரர் ஒருவரைப் பற்றி எழுதுக என்ற வினாவுக்கு, எட்டாம் வகுப்பில் பயிலும் நம் மகள் கட்டபொம்மன் திரைப்பட வசனத்தையே விடையாக எழுதி, மதிப்பெண் இழந்து வந்தாள். "அப்படியானால் அவர் அப்படிப் பேசவே இல்லையா, அப்பா?" என்று அவள் கேட்டபோது, உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. நாமும் கட்டபொம்மனை அறிந்தது அப்படத்தின் வாயிலாகவே அன்றோ!

ஏடு கூறும் கதை

பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளிவந்தது. அதில் நடித்த சிவாஜி கணேசன், 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். ஜாக்சன் துரையின் முன் அவர் வரி மறுத்து முழங்கும் காட்சியைத் தமிழுலகம் இன்றும் மறந்திலது.

வரலாற்று ஏடுகளைப் புரட்டினாலோ, முழக்கத்தினும் கணக்கே அங்கு முன்நிற்கிறது. 1798இல் கட்டபொம்மனிடமிருந்து வர வேண்டிய பாக்கி 3310 பகோடா எனக் கொண்டு, கலெக்டர் ஜாக்சன் அவரை இராமநாதபுரத்துக்கு வருமாறு பணித்தார். வழியில் குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் காணச் சென்றவருக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. செப்டம்பரில் சந்திப்பு நிகழ்ந்தபோது கணக்கைச் சரிபார்க்க, எஞ்சிய பாக்கி 1080 பகோடாவே எனத் தெரிந்தது. ஆயினும் அவரும் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டனர். பின்னர் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார், கட்டபொம்மன் தப்பினார், பிள்ளை சிறைப்பட்டார். கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையிட, மூவர் குழு விசாரித்தது. பிள்ளை விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தார்.

பாக்கி, பேட்டி, முறையீடு, விசாரணைக் குழு: கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்க்கு இவை அன்றாடச் சொற்கள். பெரும்பகுதி வரியைச் செலுத்தியவர், நீதி வேண்டி மனுவும் எழுதியவர் என்பதால் கட்டபொம்மனின் பெருமை குன்றுமோ? குன்றாது. முறையான வழிகளை நாடிப் பார்த்த ஒருவரே 1799இல் போருக்குத் துணிந்து, கயத்தாற்றில் தூக்குமேடை ஏறினார் என்னும்போது அவர் நமக்கு இன்னும் நெருங்கியவராகிறார். எழுதுகோல் ஏந்திய தானாபதியும் அவ்வாண்டே நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

ஓர் இயக்குநர், இரு மொழிகள்

பெங்களூர்த் தமிழராகிய நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். கோலார் மாவட்டத்தில் பிறந்த அதே பந்துலு, 1961இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' படத்தை எடுத்தார். அரசியாகத் தோன்றியவர் இந்நகரத்து மங்கை பி. சரோஜாதேவி. அப்படத்திலும் கப்பம் மறுக்கும் காட்சியே கன்னட மக்களின் உள்ளத்தில் நிலைத்தது. ஆனால் கித்தூர்ப் போரின் தலையாய காரணம் கப்பமன்று. 1824இல் அரசர் சிவலிங்க ருத்ரசர்ஜர் மக்கட்பேறின்றி மறைந்தபோது, தத்துப்பிள்ளையின் உரிமையைக் கம்பெனியார் ஏற்க மறுத்தனர். அதுவே பூசலை மூட்டியது. டல்ஹௌசி இந்தியாவுக்கு வருவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அவர் பெயரோடு நாம் இணைத்துப் பேசும் கொள்கையின் நிழல் கித்தூரில் விழுந்துவிட்டது. திரையில் மட்டும் கதை கேட்ட மாணவர் இவ்வரிய செய்தியை இழந்துவிடுவர்.

செய்யத்தக்கது யாது?

ஆகவே திரைப்படத்தை விலக்குதல் கூடாது. அதனை வினாவுக்கு உட்படுத்துதல் வேண்டும். முழுப் படமும் வேண்டா. பத்து நிமிடக் காட்சி ஒன்று போதும். காட்சி முடிந்ததும், அதே நிகழ்ச்சியைக் கூறும் ஏட்டின் ஒரு பக்கத்தை மாணவர் கையில் தருக. இரண்டிலும் உள்ளது எது? திரை சேர்த்தது எது? விட்டது எது? ஏன்? இந்நான்கு வினாக்களே ஒரு பாடமாகும். 2022இல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தையும் இவ்வாறே ஆராயலாம். நந்தினி கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலனைக் கொன்றோர் எனச் சோமன், இரவிதாசன் முதலியோரைக் குறிப்பது உடையார்குடிக் கல்வெட்டு.

நம் மகளுக்கு இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். சற்றே சிந்தித்துவிட்டு, "கணக்கு அவர் பக்கம் சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்திருக்கும்" என்றாள். எந்த ஏட்டிலும் எழுதப்படாத விடை அது. எனினும் இரண்டையும் கண்டவர்க்கே தோன்றும் விடை. இழந்த மதிப்பெண்ணுக்கு அது ஈடன்று, அதனினும் பெரிது.

திரை கண்ணைத் திறக்கட்டும். ஏடு கருத்தைத் திறக்கட்டும். இரண்டையும் இளையோர்முன் ஒருங்கே வைப்பது, தமிழும் கன்னடமும் கலந்து வாழும் இந்நகரில் நம் போன்ற சங்கங்களின் கடனாகும்.