பொம்மைக்குக் குரல் கொடுத்தவர்

அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எமி விருது விழா முதன்முதலாக 1949 ஜனவரி 25 ஆம் திகதி ஹொலிவூட்டில் நடைபெற்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் வட்டார நிகழ்ச்சிகளே அன்று கருத்திற் கொள்ளப்பட்டன. நுழைவுச்சீட்டு 5 டொலர், விருதுகள் 6. கமெராவினுள் மறைந்திருந்து பிம்பம் தந்த குழாயை ‘இமி’ என்பார்கள். அதுவே ‘எமி’ என மருவிற்று.

மிகச்சிறந்த தொலைக்காட்சிக் கலைஞராகத் தெரிவான ஷேர்லி டின்ஸ்டேலும் அக்குழாயைப் போன்றவரே. வாயசையாது பேசி, ஜூடி என்ற பொம்மைக்குக் குரல் கொடுத்த இளம்பெண் அவர். பொம்மை பேசியது, அவர் மௌனமாய்த் தோன்றினார்.

பிற்காலத்தில் ஷேர்லி திரையை விட்டகன்று, மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சையாளராகப் பணியாற்றினார். பொம்மைக்குக் குரல் தந்தவர் மனிதருக்கு மூச்சுத் தந்தார். அப்பணிக்கு எமி இல்லை.