தூக்கி வைத்தால் பொருந்துமா?

சாதாரண தரத்தில் 'ப.கோ.ப' என்று எழுதி முக்கோணிகளின் ஒருங்கிசைவைக் காட்டிவிட்டு, நாங்கள் பேசாமல் அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். இரண்டு பக்கமும் இடைக்கோணமும் சமனென்றால் மற்றதெல்லாம் ஏன் பொருந்த வேணும் என்று கேட்டோமா?

கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தன் 'மூலகங்கள்' நூலின் முதற் புத்தகத்தில் நான்காவது தேற்றமாக இதை நிறுவினார். வழி லேசு: ஒரு முக்கோணியைத் தூக்கி மற்றதன்மேல் வைப்பது. ஆனால் தூக்கிக்கொண்டு போகேக்க அது வளையாது, நீளாது என்று யார் சொன்னது? அவருடைய வெளிப்படையுண்மைகளில் அப்படி ஒன்றுமில்லை. யூக்கிளிட்டே இந்த வழியை மிகச் சில இடங்களில்தான் கையாண்டார். 1557இல் பிரெஞ்சுக்காரரான ஜாக் பெலெத்தியே, இது கேத்திரகணிதத்துக்குரிய முறையே அல்ல என்று மறுத்தார். 1899இல் ஜேர்மனியரான டேவிட் ஹில்பேர்ட், அதன் சாரத்தை நிறுவாமலே ஏற்கவேண்டிய வெளிப்படையுண்மையாக வைத்தார்.

2000 வருசத்துக்கு மேலாக நிறுவல் என்று படிப்பித்ததுக்குள்ளே சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. கணிதம் சரிவராது என்று கலைப்பிரிவுக்கு வந்த நாங்கள் அதைப் பாடமாக்கினோம், கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்களால்தான் அந்தப் பாடமே வளர்ந்திருக்கு.