அசட்டு நாவல்கள் மேல ஒரு கோபம்

லைட்டான காதல் நாவல்னு ஆசையா எடுத்து, பாதியில 'அடச்சே'ன்னு மூடி வெச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு நிறையவே இருக்கு. அந்த எரிச்சலை வெச்சு ஒருத்தங்க என்ன செஞ்சாங்கன்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

1856, லண்டன். மேரி ஆன் எவன்ஸ், வயசு 36. 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' பத்திரிகைக்குப் பெயர் போடாம ஒரு கட்டுரை எழுதுறாங்க. தலைப்பே 'பெண் நாவலாசிரியர்களின் அசட்டு நாவல்கள்'. வெளுத்து வாங்கியிருக்காங்க. அந்த நாவல்கள்ல ஹீரோயின் பெரும்பாலும் பணக்கார வாரிசு. பேரழகி. பைபிளை மூல மொழிகள்லயே படிப்பா. குறுக்கே வர்ற கெட்ட பிரபு துவந்த யுத்தத்துல செத்துடுவான். பிடிக்காத புருஷன் இருந்தா, அவனும் படுக்கையில விழுந்து, 'நீ விரும்பினவனையே கட்டிக்கோ'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடுவான். நம்ம சீரியல் எதுவும் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.

ஆனா இது வெறும் நக்கல் இல்ல. அப்போ இங்கிலாந்துல எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கல. அரைகுறைப் படிப்பைக் காட்டிக்கிற இந்த ஹீரோயின்களைப் பார்த்தா, 'பொண்ணுங்க படிச்சா இப்படித்தான்'னு சொல்றவங்களுக்குக் கொண்டாட்டம். மேரி ஆனோட பயமே அதுதான். விமர்சகர்கள் மேலயும் கோபம்: திறமையே இல்லாத பெண்ணைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க, நல்லா எழுதுற பெண்ணுன்னா உடனே ஜில்லுன்னு ஆயிடுவாங்க. அந்தப் பாராட்டுக்குள்ள இருந்த இளக்காரத்தை அவங்க சரியாப் பிடிச்சாங்கன்னு நான் நினைக்கிறேன்.

கட்டுரை அக்டோபர்ல வெளிவந்துச்சு. அதுக்கு முன்னாடியே, செப்டம்பர்ல, அவங்க தன்னோட முதல் கதையை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அதுல வாரிசும் இல்ல, பிரபுவும் இல்ல. ஆமோஸ் பார்ட்டன்னு ஒரு பாதிரியார்: வழுக்கை விழுற தலை, சுமாரான புத்தி, வருஷத்துக்கு 80 பவுண்டு சம்பளம், ஆறு குழந்தைங்க. உழைச்சு உழைச்சே தேயுற ஒரு மனைவி.

கதை 1857 ஜனவரியில 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில பெயரில்லாம வந்துச்சு. அடுத்த மாசம் அவங்க தனக்கு ஒரு புனைபெயர் வெச்சுக்கிட்டாங்க, ஆம்பளைப் பெயர்: ஜார்ஜ் எலியட். எழுதினது யாரோ ஒரு பாதிரியார்தான்னு பலர் நம்பினாங்க. அந்தக் கதைகள் புத்தகமா வந்ததும், 1858ல, சார்லஸ் டிக்கன்ஸ் அந்த 'ஜார்ஜ்'க்கு ஒரு கடிதம் போட்டார்: இதை எழுதினது ஒரு பெண்ணாத்தான் இருக்கணும்னு தோணுதுன்னு.