பழைய பேப்பர் கடைத் தராசும் நாலு பைத்தியக்காரர்களும்

பழைய புத்தகம் சேர்ப்பது என் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். தபால்தலை சேர்க்கலாம், நாணயம் சேர்க்கலாம். அதற்கெல்லாம் ஒரு ஆல்பம் போதும். புத்தகம் அப்படியா? இடத்தை அடைக்கும், தூசி, கரையான், வெள்ளிப்பூச்சி... “இந்தக் குப்பையை எல்லாம் எங்கே வைக்கப் போறே?” என்று கேட்காத வீடு உண்டா?

ஆனால் நண்பர்களே, தமிழில் அச்சான புத்தகங்களின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் கைவிட்ட பலவற்றைக் காப்பாற்றியது இந்தக் 'குப்பை' சேர்த்த ஆசாமிகள்தான். இன்னொரு விஷயமும் புரியும். அவர்கள் வாங்கியது பாதிக் கதை. அவர்கள் கண்ணை மூடிய பிறகு அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்பதுதான் மீதிக் கதை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

ஓலைக்கு உ.வே.சா., அச்சுக்கு யார்?

ஓலைச்சுவடிகள் அழிந்த கதை நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆற்றில் விட்டார்கள், நெருப்பில் போட்டார்கள், மிச்சத்தைக் கரையான் தின்றது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடினார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1942-ல் அவர் மறைந்தார். அடுத்த வருடமே, 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூலகம் அமைந்து அவருடைய சுவடிகளும் நூல்களும் பத்திரமாயின.

சரி, ஓலை அழியும். அச்சுப் புத்தகம் அழியாது, ஒரே சமயத்தில் ஆயிரம் பிரதி போடுகிறார்களே என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்!

தமிழ் எழுத்தில் அச்சான புத்தகங்களில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல் கொல்லத்தில் அச்சானது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் உருவாக்கிய சின்னப் புத்தகம், பதினாறே பக்கம். அதில் இன்று இருப்பதாகத் தெரிகிற ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கொல்லத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை.

“அது நானூறு வருடம் முந்தியது, போகட்டும்” என்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1835-க்குப் பிறகு அச்சகம் வைக்க இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நம் ஆட்கள் அச்சகங்களைத் தொடங்கினார்கள். பாட்டுப் புத்தகம், நாடகம், வைத்தியம், சோதிடம், கொலைச் சிந்து, சமையல், சண்டைக்குப் பதில் சண்டை போடும் கண்டனப் புத்தகம் என்று கொட்டித் தள்ளினார்கள். 1867-ல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு செய்யவேண்டும். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலும் போட்டது. இன்று அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. பெயர் இருக்கும், அச்சகம் இருக்கும், விலை இருக்கும், பக்க எண்ணிக்கைகூட இருக்கும். புத்தகத்தைத் தேடிப் போனால் பல சமயம் கிடைக்காது!

ஏன்? முதல் காரணம், யாரும் அவற்றைப் 'புத்தகம்' என்றே மதிக்கவில்லை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகத்தை எந்தப் பண்டிதர் அலமாரியில் வைப்பார்? ரயிலில் படித்தார்கள், திண்ணையில் பாடினார்கள், கிழிந்ததும் பொட்டலம் மடித்தார்கள். இரண்டாவது காரணம் காகிதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் பெருகியது. அதில் இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். முதலில் பழுப்பாகும், பிறகு மடித்தால் அப்பளமாக நொறுங்கும். நூறு வருடப் புத்தகத்தைவிட முந்நூறு வருடப் புத்தகம் உறுதியாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பழையது கந்தல் துணியில் செய்த காகிதம்.

ஆக, நல்ல புத்தகம் என்று மதிக்கப்பட்டவை ஓரளவு பிழைத்தன. சாதாரண ஜனங்கள் படித்தவை பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறின. அந்தத் தராசுக்கும் அரவை ஆலைக்கும் நடுவில் வந்து நின்றவர்கள்தான் நம் கதாநாயகர்கள்.

கோட்டையூர் சைன்போர்டு ஓவியர்

காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். அந்த ஊர்க்காரர் ரோஜா முத்தையா. தொழில் சைன்போர்டு எழுதுவது. பேராசிரியர் இல்லை, புலவர் பட்டம் வாங்கியவரும் இல்லை. 1950-களில் பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர், 1992-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை.

அவர் என்ன சேர்த்தார் என்பதுதான் முக்கியம். இலக்கியம் மட்டும் சேர்த்திருந்தால் இன்று இவ்வளவு பேசமாட்டோம். வைத்திய நூல், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பத்திரிகைகள், பெண்களுக்கான இதழ்கள், அழைப்பிதழ்கள் என்று கைக்கு வந்த எதையும் அவர் தள்ளவில்லை. அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன, அதில் ஏறக்குறைய பாதி புத்தகங்கள். ஒரு தனி மனிதன், ஒரு சின்ன ஊர், ஒரு லட்சம்! கற்பனை செய்து பாருங்கள்.

தமிழைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் கோட்டையூருக்கு பஸ் பிடித்துப் போனார்கள். எழுத்தாளர் அம்பை அப்படிப் போனவர்களில் ஒருவர். தலைநகரத்து நூலகங்களில் கிடைக்காதது ஒரு சைன்போர்டு ஓவியரின் வீட்டில் கிடைத்தது.

இப்போது அந்த ஆபத்தான கட்டம். 1992-ல் சேகரித்தவர் போய்விட்டார். சேகரிப்பு மட்டும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான கதைகள் முடியும். பங்காளிகள் பிரித்துக்கொள்வார்கள், நல்லதை மட்டும் ஒரு வியாபாரி பொறுக்கிக்கொள்வார், மீதி எடைக்குப் போகும். இங்கே அப்படி நடக்கவில்லை. 1994-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பு முழுவதையும் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. 'மொழி' அறக்கட்டளையின் துணையோடு சென்னைக்குக் கொண்டுவந்து, பூச்சி போக்கி, பட்டியலிட்டு, மைக்ரோஃபிலிம் எடுக்க ஆரம்பித்தார்கள். மூலப் புத்தகம் இங்கே, நகல் எங்கே வேண்டுமானாலும். 1996-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. முதலில் முகப்பேரில் இருந்தது, இப்போது தரமணியில்.

தம்பிரான் வணக்கத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் புத்தகம் அமெரிக்காவில் இருக்கிறது, நாம் இங்கிருந்து பெருமூச்சு விடுகிறோம். இதற்கு அமெரிக்கப் பணம் வந்தது, புத்தகம் நம் ஊரிலேயே தங்கியது. வித்தியாசம் எவ்வளவு பெரியது!

ஒரே இடம், ஒரே தீ

தனி மனிதர் வைத்தால்தான் ஆபத்து, பொது இடத்துக்குப் போனால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கமும் ஒரு தனி மனிதரின் ஆசைதான். 1933-ல் க.மு.செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே அக்கம்பக்கத்தாருக்குப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த வருடம் அது ஒரு வாடகை அறைக்கு வந்தது. ஊரே சேர்ந்து வளர்த்தது. 1959-ல் அழகான புதிய கட்டடம் திறந்தார்கள். 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அது கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மறுபடி கட்டினார்கள், வெள்ளை அடித்தார்கள். வேறு எங்கும் பிரதி இல்லாத புத்தகத்தை எப்படிக் கட்டுவது?

சென்னையில் மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில். பழைய புத்தகப் பிரியர்களுக்கு அதுதான் திருப்பதி. 1985 மே 30 அன்று அதுவும் தீயில் போனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் பக்கத்து மாநகராட்சி வளாகத்துக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்தது திட்டமிட்ட கொடுமை, இதையும் அதையும் நான் சமமாக்கவில்லை. புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் பாடம் ஒன்றுதான்: ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் அது பாதி அழிந்த மாதிரி.

பழைய புத்தகத்துக்கு ஜாதகம் எழுதுவது எப்படி?

சரி, வரலாறு போதும். நீங்களும் நானும் ஆரம்பிக்க வேண்டும் என்றால்? திருவல்லிக்கேணி பாரதி சாலையிலோ உங்கள் ஊர் நடைபாதைக் கடையிலோ ஒரு பழைய புத்தகம் கையில் வருகிறது. தலைப்புப் பக்கம் கிழிந்துவிட்டது, அல்லது வெறும் 'விகிர்தி வருஷம் ஆனி மாதம்' என்று போட்டிருக்கிறது. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். விகிர்தி என்றால் 1830, 1890, 1950 எதுவாகவும் இருக்கலாம்! அப்போது துப்பறிய வேண்டியதுதான்.

விலையைப் பாருங்கள். அணா, பைசா கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972-ல் வந்தது, வெறும் 'சென்னை-4' என்றிருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சென்னை மாகாணமா', 'தமிழ்நாடா' என்று பாருங்கள், மாநிலத்தின் பெயர் மாறியது 1969-ல். எழுத்தைப் பாருங்கள். லை, ணை போன்றவை கொம்பு வைத்த பழைய வடிவில் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தியது என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான், ஏனென்றால் சில அச்சகங்கள் பழைய எழுத்தை விடாமல் வைத்திருந்தன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று தடயங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பின்னட்டை விளம்பரத்தையும் விடாதீர்கள். எந்தத் தைலம், எந்தப் பத்திரிகை, சந்தா எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மறுபதிப்பில் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிப் பக்கங்கள்தான். அதனால்தான் “அதுதான் புதுப் பதிப்பு வந்துடுச்சே” என்ற வாதம் பாதிதான் சரி.

மூன்று எச்சரிக்கை. செல்லோடேப் ஒட்டவே கூடாது, சில வருடத்தில் பசை காகிதத்தைக் கறையாக்கிவிடும். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. நூலக முத்திரை இருக்கும் புத்தகம் வந்தால் அது முறையாகக் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒரு நூலகத்தைக் காலி செய்து நம் அலமாரியை நிரப்புவது சேகரிப்பு ஆகாது.

யாருக்காகச் சேர்க்கிறோம்?

மறைமலையடிகள் 1950-ல் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களை வைத்து 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தது. அந்த இடத்தில் தொடர முடியாமல் 2008-ல் நூலகம் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாறியது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சொந்த முயற்சியில் ஞானாலயா நூலகத்தை வளர்த்து ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவது ஏன்? சேர்த்ததால் மட்டும் இல்லை. அடுத்தவர் கைக்கு அது போய்ச் சேர வழி பிறந்ததால். வழி பிறக்காத சேகரிப்புகள் எத்தனையோ, அவர்களின் பெயரும் புத்தகத்தோடு எடைக்குப் போய்விட்டது.

இன்று நமக்கு அவர்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-ல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம், தமிழ்நாடு அரசின் தமிழ் மின்னூலகம் என்று நகலெடுத்து வைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கையில் இருக்கும் செல்போனே ஒரு சின்ன ஸ்கேனர். பதிப்புரிமை முடிந்த ஒரு பழைய புத்தகம் உங்களிடம் இருந்து, அது இந்த இடங்களில் இல்லையென்றால், கொடுத்து நகலெடுக்கச் சொல்லுங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், உள்ளே இருப்பது உலகத்துக்குப் போகட்டும்.

தாத்தா காலத்துப் பெட்டி ஏதாவது பரணில் இருந்தால், பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது தராசுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் அதைத் திறந்து பாருங்கள். அட்டையில்லாத அந்த இருபது பக்கப் பாட்டுப் புத்தகத்துக்கு வேறு எங்கும் பிரதி இல்லாமல் இருக்கலாம். அதற்குத் தராசில் கிடைப்பது ஒரு ரூபாய்கூட இருக்காது.