தொண்டைமானாறும் தொல்லியல் காப்பும்: கடனீரேரி நீர்த்திட்டங்களில் எல்லை எது?

நீர்த்திட்டத்தால் தொல்லிடம் அழிவது என்றதும் மூழ்கும் பள்ளத்தாக்கே நினைவுக்கு வருகிறது. நாகார்ச்சுனசாகர் அணைக்காக 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டா அகழப்பட்டு, முக்கிய கட்டடங்கள் மேட்டுக்கு மாற்றப்பட்டன. மலைநாட்டுக் கொத்மலையில் மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசாய எழுந்தது. பவானிசாகரில் மூழ்கிய டணாயக்கன்கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் நீர் வற்றும் ஆண்டுகளில் தலைகாட்டுகிறது. இங்கெல்லாம் அணையின் உச்ச நீர்மட்டத்தை வரைபடத்தில் ஒரு கோடாக இட்டால், எது மூழ்கும், எது தப்பும் என்பது தெரிந்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படி ஒரு கோடு போதாது. இங்குள்ள ஆபத்து நீரிலும் பெரிதாக மண்ணில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொண்டைமானாற்றின் வாயில் 1950களில் அமைந்த உவர்நீர்த் தடுப்பணை, கடல்நீர் வடமராட்சிக் கடனீரேரிக்குள் ஏறாமல் தடுத்து மழைநீரைத் தேக்குவதற்கானது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் இது ஓர் அங்கம். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியான் இணைப்பு வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். அதே ஆறுமுகம் இலங்கையின் பழைய இந்துக் கோயில்களைப் பற்றியும் நூல் எழுதியவர். நீரும் தொன்மையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. திட்டக் கோப்புகளில்தான் அவை பிரிந்தன.

இந்நீர்வழியின் சூழல் வெறுமையானதன்று. உப்பு ஏற்றுவதற்காகச் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் இவ்வாற்றை வெட்டினான் என்பது மரபுவழிச் செய்தி. அதை வரலாறாக நிறுவச் சான்று தேவை. அச்சான்று எங்கேனும் இருந்தால் அது கரையின் மண்ணடுக்கில்தான் இருக்கும். கிழக்கே மணற்குன்றுகளுக்கிடையே வல்லிபுரம் இருக்கிறது. வசப மன்னன் காலத்துப் பொன்னேடு 1936இல் அங்கே கிடைத்தது. இயக்கச்சி, ஆனையிறவுப் பக்கம் ஒல்லாந்தர் கோட்டைகளின் சிதைவுகள் உள்ளன. குடாநாட்டின் மேற்கில் வழுக்கையாற்றை ஒட்டிய கந்தரோடையும் இதே பாடத்தையே சொல்கிறது: பழைய குடியிருப்புகள் நன்னீரையும் கடல்வழியையும் ஒருங்கே நாடின.

இவற்றுள் பல கண்ணுக்குத் தெரியும் நினைவுச்சின்னங்கள் அல்ல. ஒரு முழ உயரத் திட்டி. அதன் வெட்டுமுகத்தில் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடு, சங்குக் கழிவு, கரித்துகள். சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண்படையே உள்ள நிலத்தில் அணைக்கரைக்கு மண் வேண்டுமென்றால், பெக்கோவின் கண் முதலில் படுவது அத்தகைய திட்டியில்தான். ஒரு சுமை மண்ணோடு அடுக்கு வரிசை குலைந்துவிடும். பின்னர் ஓடு கிடைத்தாலும் காலம் கிடைக்காது. இதைவிட மெதுவானது உப்பின் வேலை: நீர்மட்டம் ஏறி இறங்கும்போது சுவருக்குள் புகும் உப்பு, காயும்போது படிகமாகி முருகைக்கல்லையும் சாந்தையும் உள்ளிருந்தே உதிர்க்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 2000இல் வந்த வர்த்தமானி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. ஆனால் 'திட்டப் பரப்பு' என்பதற்குள் எது அடங்கும்? தடுப்பணையும் வாய்க்காலும் மட்டும் அளக்கப்பட்டால், மண் எடுக்கும் குழி, தூர்வாரிய சேறு கொட்டும் இடம், லொறிப் பாதை ஆகியவை கணக்குக்கு வெளியே நின்றுவிடும். குடாநாட்டில் இழப்பு நேரக்கூடியது பெரும்பாலும் அங்கேதான்.

குடிநீருக்கே தட்டுப்பாடு இருக்கும்போது ஓட்டுத் துண்டுகளுக்காகத் திட்டத்தை நிறுத்துவதா என்ற கேள்வி நியாயமானது. உரமும் கழிவும் கலந்து கிணறுகளில் நைத்திரேற்று ஏறியுள்ள பிரதேசத்தில் நன்னீரைத் தேக்குவது அவசரமான பணி. ஆனால் திட்டத்தை நிறுத்துமாறு தொல்லியல் கேட்கவில்லை. மண்ணை எங்கே வெட்டுவது என்று முன்கூட்டியே பேசும்படிதான் கேட்கிறது. நாகார்ச்சுனகொண்டாவில் ஒரு நகரத்தையே அகழ வேண்டியிருந்தது. இங்கே மண் எடுக்கும் குழியைச் சில நூறு மீற்றர் தள்ளி வைத்தாலே பல இடங்கள் தப்பும்.

ஆகவே மூன்று மாற்றங்கள் போதும். கடனீரேரிக் கரை முழுவதும் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே மேற்பரப்பாய்வு செய்யப்பட வேண்டும். மண் எடுக்கும் இடங்கள் மதிப்பீட்டின் பகுதியாகி, ஒப்பந்தத்தில் பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். தொண்டைமானாற்று நீர்வழியும் மரபுச் சொத்தாகப் பதிவாக வேண்டும். அப்போதுதான் அதைத் தூர்வாரும் வேலையும் ஆய்வாளரின் கண்காணிப்பில் நடக்கும். இவை ஒப்பந்தகாரர் வேலை தொடங்குமுன் நடந்தால் செலவு சிறிது. பின்னர் எந்தச் செலவாலும் ஈடு இல்லை.