விக்னேஸ்வரன், சி. வி.

விக்னேஸ்வரன், சி. வி. (பி. 23 அக்டோபர் 1939): இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசர்; பின்னர் வட மாகாணத்தின் முதலாவது முதலமைச்சர். கொட்டாஞ்சேனையை அடுத்த புதுக்கடையில் பிறந்தார். நீதிமன்றங்கள் நிறைந்த பகுதியில் பிறந்தவர் நீதிபதியானது பொருத்தமே. பூர்வீகம் மானிப்பாய். கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார்.

1979இல் மட்டக்களப்பில் நீதவானாகத் தொடங்கி, 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 2001இல் உயர் நீதிமன்றத்துக்கும் உயர்ந்து, 2004இல் ஓய்வுபெற்றார்.

கட்சி அரசியலில் பழக்கமில்லாத அவரை 2013 வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முதன்மை வேட்பாளராக்கியது. 38 ஆசனங்களில் கூட்டமைப்பு 30ஐ வென்றது. யாழ்ப்பாணத்தில் அவருக்கு விழுந்த விருப்பு வாக்குகள் மட்டும் 1,32,255. வெற்றி பெரிது, கையிலிருந்த அதிகாரம் சிறிது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. அப்போதைய ஆளுநரோ ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல். நிதி சார்ந்த நியதிச்சட்டத்துக்கும் ஆளுநரின் இசைவு வேண்டும். ஆகவே அந்தச் சபை நிர்வாகத்தைவிடத் தீர்மானங்களாலேயே அதிகம் அறியப்பட்டது. தமிழருக்கு எதிராக இனப்படுகொலை நடந்தது என்று கூறி, சர்வதேச விசாரணை கோரிய 2015 பெப்ரவரி 10 தீர்மானத்தை அவரே முன்வைத்தார்.

2017இல் மாகாண அமைச்சர் பா. டெனீஸ்வரனை அவர் நீக்கியது வழக்காயிற்று. தாம் முன்னர் நீதிபதியாக அமர்ந்த மேன்முறையீட்டு நீதிமன்றத்திலேயே அவர் எதிர்மனுதாரரானார்.

2018 அக்டோபரில் மாகாண சபையின் ஆயுள் முடிந்ததும் தமிழ் மக்கள் கூட்டணியைத் தொடங்கினார். 2020 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.