எடை குறைக்கும் பவுடர் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசிப் பகுதியையாவது கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் காலை வாக்கிங்கில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். "சார், நல்லா வெயிட் போட்டுட்டீங்க" என்றான். உரிமையோடு சொன்னதால் கோபம் வரவில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்து ஒரு டப்பாவைக் கொடுத்தான். "காலையிலயும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பதிலா இதைக் கலக்கிக் குடிங்க சார்" என்றான். ஐந்தாம் வகுப்பில் நான் சொன்னதையெல்லாம் கேட்டவன். இப்போது அவன் சொன்னதை நான் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை நனைகிற அளவு வியர்வை. கையிலிருந்த பேப்பரில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. என் மனைவி ஓடிவந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். ஏன் அப்படி ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் இந்தப் பவுடர் எங்கிருந்து வந்தது, யார் முதலில் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். குடிப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

நம் தலைமுறைக்கு டப்பா பவுடர் என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆரஞ்சும் வாங்கிப் போவோம். உடம்பு தேற வேண்டும், சதை பிடிக்க வேண்டும் என்பதற்காகக் குடித்தது அது. அதே மாதிரி ஒரு பவுடர் இப்போது உடம்பைக் குறைக்க வருகிறது என்றால் தலைகீழாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற அண்ணன் தம்பிகள் 1873-இல் சிகாகோவில் தொழில் தொடங்கினார்கள். 1883-இல் மால்ட் கலந்த பால் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் எளிதில் செரிக்கும் உணவு என்பதுதான் அதன் நோக்கம்.

அதே அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து இவான்ஸ்வில் நகரில் மீட் ஜான்சன் என்ற நிறுவனம் இருந்தது. குழந்தை உணவில் பெயர் வாங்கியது. 1950-களில் சஸ்டாஜென் என்ற பவுடரை விற்றது. திட உணவு சாப்பிட முடியாத ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கான முழு உணவு அது. அதே காலத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், சுண்டக் காய்ச்சிய பால், சோள எண்ணெய், குளுக்கோஸ் கலந்த திரவத்தை மட்டுமே கொடுத்து உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தார்கள். அந்தக் கலவையின் செய்முறை பத்திரிகைகள் வழியாக வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மீட் ஜான்சன் யோசித்தது. நோயாளிக்குக் கொடுக்கிற முழு உணவையே அளந்து குறைத்துக் கொடுத்தால், குண்டானவர் இளைப்பார் அல்லவா? 1959-இல் மெட்ரிக்கால் பிறந்தது. எடை குறைக்கும் பானத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது இதுதான்.

அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அளந்த கலோரி என்பதுதான் அதன் பொருள். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் 225 கலோரி, மொத்தம் 900. இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அதிகம் உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660 கலோரி தேவை என்பது நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் சொன்ன கணக்கு. ஆக, ஆணுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. எடை குறையாமல் என்ன செய்யும்? பவுடரில் மந்திரம் எதுவும் இல்லை. சாதாரணக் கழித்தல் கணக்குதான்.

அப்படியென்றால் சாப்பாட்டையே குறைத்துச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். அதுதானே நம்மால் முடிவதில்லை! இன்னும் ஒரு கரண்டி சாதம், இன்னும் ஒரு தோசை, பேரன் மிச்சம் வைத்த முறுக்கு என்று கணக்கு நம்மை அறியாமலே ஏறிவிடுகிறது. பவுடரில் அந்த வேலை இல்லை. அளவை வேறு ஒருவர் முடிவு செய்துவிட்டார். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற கேள்வியே எழாது. இதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரிக்கால் முதலில் மருத்துவர்கள் வழியாகப் போனது. பிறகு பொதுமக்களுக்கே விளம்பரம் செய்தார்கள். பவுடருக்குப் பின்னால் கலந்து அடைத்த தயார் டின்னும் வந்தது. போட்டிக்கு சீகோ, ஸ்லெண்டர் என்று வரிசையாக வந்தார்கள். ஆனால் நாள் முழுக்க ஒரே திரவத்தை எத்தனை நாள் குடிக்க முடியும்? 1960-களின் நடுவிலேயே மெட்ரிக்கால் மோகம் தணிந்துவிட்டது.

அடுத்து வந்தது இந்த வரலாற்றின் கறுப்புப் பக்கம்.

1976-இல் ராபர்ட் லின் என்ற அமெரிக்க மருத்துவர், கடைசி வாய்ப்பு உணவுமுறை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். திரவப் புரதத்தை மட்டும் குடித்துக்கொண்டு பட்டினி இருக்க வேண்டும் என்பதுதான் முறை. புத்தகம் அமோகமாக விற்றது. கடைகளில் திரவப் புரத பாட்டில்கள் குவிந்தன. அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தோல், எலும்பு, தசைநார் போன்ற கழிவுகளைக் கரைத்து எடுத்தது. பெயரளவில் புரதம். உடம்புக்கு வேண்டிய எல்லாக் கூறுகளும் அதில் கிடையாது. பொட்டாசியம் போன்ற தாதுக்களும் போதாது. நாள் முழுக்க 400 கலோரிகூட இல்லை.

1977, 1978 ஆண்டுகளில் இதைக் குடித்தவர்களில் ஏறத்தாழ 60 பேரின் மரணங்கள் அமெரிக்க அரசின் விசாரணைக்கு வந்தன. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிருந்தது. உடம்பு பட்டினியில் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. தசையையும் கரைக்கிறது. இதயமும் ஒரு தசைதான். இதற்குப் பிறகுதான் இத்தகைய புரதப் பொருள்களின் மீது எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

இந்தப் பீதி எழுந்த அதே 1977-இல்தான் டேனியல் ஆபிரகாம் என்பவர் ஸ்லிம்ஃபாஸ்ட் பவுடரைக் கொண்டுவந்தார். அவருடையது பாலில் கலக்கும் வேறு வகைப் பவுடர். என்றாலும் மக்கள் பயந்து கிடந்த நேரம் என்பதால் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் மீண்டும் கொண்டுவந்தார். அவர் சொன்ன முறை: காலையில் ஒரு ஷேக், மதியம் ஒரு ஷேக், இரவு அளவான வீட்டுச் சாப்பாடு. பார்த்தீர்களா, ஒரு வேளை உண்மையான சாப்பாடு உள்ளே வந்துவிட்டது. டாமி லசோர்டா என்ற பேஸ்பால் பயிற்சியாளர் தன் வீரர்களிடம் பந்தயம் கட்டி எடையைக் குறைத்து, அதன் விளம்பரத்திலும் வந்தார். 2000-ஆம் ஆண்டில் யூனிலீவர் நிறுவனம் ஸ்லிம்ஃபாஸ்ட்டை 230 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தப் பவுடரில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இதற்கிடையில் 1988 நவம்பரில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஓப்ரா வின்ஃப்ரே அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகப் பிரபலமானவர். மாதக்கணக்கில் திரவ உணவை மட்டுமே குடித்து 67 பவுண்டு, அதாவது சுமார் 30 கிலோ குறைத்திருந்தார். அந்த எடைக்குச் சமமான கொழுப்பை ஒரு சிறு தள்ளுவண்டியில் வைத்து மேடைக்கு இழுத்து வந்தார். நாடே கைதட்டியது. ஆனால் மறுநாளிலிருந்தே எடை திரும்ப ஏறத் தொடங்கியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். பணம், சமையல்காரர், பயிற்சியாளர் எல்லாம் உள்ளவருக்கே அந்த நிலை என்றால் நாம் எந்த மூலைக்கு?

ஏன் திரும்புகிறது? பவுடர் நமக்குப் பதிலாக அளந்தது. நாம் அளக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கால்குலேட்டர் வைத்துக்கொண்டு கணக்கில் நூறு மதிப்பெண் வாங்கிய பையனிடம் கால்குலேட்டரைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? வாய்பாடு தெரியாமல் விழிப்பான். அதேதான். இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு பசியையும் கூட்டிவிடுகிறது.

அப்படியானால் இது முழு ஏமாற்று என்று தள்ளிவிடலாமா? அப்படியும் சொல்ல முடியாது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரு பேராசிரியர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து 6 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், வயது 20 முதல் 65 வரை. இவர்களில் ஒரு பிரிவினருக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி ஷேக், சூப் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவில் வெறும் 4 சதவீதம். இது சாதாரண விஷயம் அல்ல. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையே 2020-இலிருந்து இதைத் திட்டமாகக் கொடுக்கத் தொடங்கியது.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46 சதவீதம் 36 ஆனது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேர்தான் அந்த நிலையில் இருந்தார்கள். எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது.

அந்த ஆய்வில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஷேக்குக்கு முடிவுத் தேதி இருந்தது. இரண்டு, அதன் பிறகு சில வாரங்கள் ஒவ்வொரு வேளையாகச் சாதாரண உணவுக்குத் திரும்பப் பழக்கினார்கள். அதற்குப் பின்னும் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்று, முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்களே நிறுத்திவிட்டார்கள்.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் சாப்பிடுவது கிளிமிபிரைடு. உடம்பை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுகிற வகை மாத்திரை. வழக்கமான சாப்பாட்டுக்கு மருத்துவர் அளந்து கொடுத்த அளவு அது. சாப்பாடு பாதியானது மாத்திரைக்கு எப்படித் தெரியும்? அது தன் வேலையை முழுதாகச் செய்தது. ரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிட்டது. "நல்லவேளை, ராத்திரி தூக்கத்தில் வரவில்லை" என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியம் இன்னும் காதில் ஒலிக்கிறது. என் வயது 66. அந்த ஆய்வில் சேர்க்கவே என்னை எடுத்திருக்க மாட்டார்கள்.

எனவே இதைக் குடிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட எடுக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மற்றவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் குடிப்பது என்றால் அதில் 200 முதல் 400 கலோரி வரை இருக்க வேண்டும் என்று கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 1991-லேயே சொல்லியிருக்கிறது. புரதம் எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். விற்கிறவரிடம் "எப்போது நிறுத்துவது, நிறுத்திய பிறகு என்ன சாப்பிடுவது?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் மாணவன் விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் ஓடிவந்தான். முகம் வாடியிருந்தது. "மன்னிச்சிடுங்க சார், எனக்குத் தெரியாது" என்றான். தெரியாது என்பது உண்மைதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் விற்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்காமல் குடித்தவன் நான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? "இனிமே யாருக்குக் கொடுத்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேளுப்பா. நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேளு" என்றேன். சரி சார் என்று தலையாட்டினான். நேற்று வாக்கிங்கில் பார்த்தபோது, அப்படிக் கேட்டு இரண்டு பேரை மருத்துவரிடம் அனுப்பி வைத்ததாகச் சொன்னான். விற்பனை குறைந்ததாம். எனக்கு அவனைப் பள்ளியில் பார்த்த நாளைவிட அன்று பெருமையாக இருந்தது.

நான் இப்போது இரவில் இரண்டு இட்லியைக் குறைத்திருக்கிறேன். அரை மணி நேரம் கூடுதலாக நடக்கிறேன். மெதுவாகத்தான் குறைகிறது. குறையட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பவுடரைக் குடிக்கிறார்கள் என்றால், இன்றே அவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.